அனுப்புநருக்கே திரும்பிய பல்லி

பல்லியைத் திருப்பி அனுப்புகிறோம் என்ற கடிதம் வந்தபோது பத்திரம் அதை மூன்று முறை படித்தாள். மூன்று முறையும் பல்லி என்றுதான் இருந்தது.

பத்திரம் என்பது அவளுடைய பெயர் அல்ல. அப்பா தொடங்கிய ஏற்றுமதி நிறுவனத்தில் காகித வேலை முழுவதும் அவள் கையில் இருந்தது. எந்தப் பெட்டியில் எத்தனை கிலோ வெண்டைக்காய், எத்தனை குரோட்டன்ஸ் செடி, எத்தனை பொட்டலம் மிளகு, வேரில் மண் இல்லை, இலையில் பூச்சி இல்லை என்று வரிசையாக எழுதி, முத்திரை வாங்கி, சரக்கு விமானம் ஏறும்வரை அந்தக் காகிதங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரிவாள். கொண்டுபோகும் லாரி ஓட்டுநரிடம் "பத்திரம், பத்திரம்" என்று நான்கு தடவையாவது சொல்லுவாள். அதுவே பெயராகிவிட்டது. இருபத்திரண்டு வருடங்களில் ஒரு படிவத்தில்கூட அவள் பொய்யாக ஒரு புள்ளி வைத்ததில்லை. எழுபது என்று எழுதிய பெட்டியில் அறுபத்தொன்பது முருங்கைக்காய் இருந்தால் லாரியைத் திரும்பக் கூப்பிடுவாள்.

"அப்பா, நம்ம பல்லி ஒண்ணு வெளிநாடு போயிருக்கு," என்றாள்.

பெரியவர் சுழல் நாற்காலியில் அரை வட்டம் திரும்பினார். "நம்ம பல்லின்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நம்ம குரோட்டன்ஸ் பெட்டியைத் திறந்தா உள்ள உக்காந்திருந்துச்சாம்."

"அடிச்சுப் போட்டுட்டுப் போக வேண்டியதுதானே."

"அங்க சட்டம் அப்படி இல்லையாம். கேட்காம வந்ததைக் கொல்லவும் கூடாது, வெச்சுக்கவும் கூடாது. அனுப்பினவங்களுக்கே திருப்பி அனுப்பணுமாம். வியாழக்கிழமை பிளைட்ல வருது."

"பல்லிக்கு டிக்கெட்டா?"

"சரக்காத்தான் வருதுப்பா. காற்றோட்டமான தனிப் பெட்டியில."

கடிதத்தோடு ஒரு படிவமும் இருந்தது. பொருள்: உயிருள்ள பல்லி. எண்ணிக்கை: ஒன்று. அடையாளம்: பின்னங்கால்களில் இடது காலில் நான்கு விரல்கள் மட்டும். மனநிலை: அமைதி.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில விழுமாம் துள்ளி. நம்மது விமானத்துல விழுந்திருக்கு. யாரு கட்டின பெட்டி அது?"

ஒவ்வொரு பெட்டியிலும் கட்டியவரின் எண்ணை ஒட்டுவது வழக்கம். அந்தப் பெட்டியில் இருந்தது நான்கு. நான்கு என்றால் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை பத்திரத்தின் கணவர். கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் சிறு கடை வைத்திருந்தார். கைபேசியில் மணி பார்க்கும் காலம் வந்ததும் கடையை மூடிவிட்டு மாமனார் வீட்டுத் தொழிலுக்கு வந்து பதினாறு வருடங்கள் ஆகின்றன. அவரை மாமனார் மாப்பிள்ளை என்றார். அதைக் கேட்டு லாரி ஓட்டுநரும், குளிர் அறை மெக்கானிக்கும், அட்டைப்பெட்டி கொண்டுவருபவரும் மாப்பிள்ளை என்றார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர் அதுதான் பெயர் என்று எண்ணி, ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும் 'திரு மாப்பிள்ளை அவர்களுக்கு என் விசாரிப்பு' என்று எழுதுவார். மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் அவர் ஒரு வேலையைத் தொட்டால் போதும், பக்கத்தில் இருப்பவர் அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொள்வார். "நீங்க விடுங்க மாப்பிள்ளை, நான் பார்த்துக்கறேன்." இந்த ஒரு வாக்கியத்தைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு லாரி நிரம்பியிருக்கும்.

பத்திரத்தின் தம்பி சிப்பம் கட்டும் கூடத்தின் பொறுப்பில் இருந்தான். எல்லோரும் அவனைச் சின்னவர் என்பார்கள். செய்தி கேட்டதும் கையுறையைக்கூடக் கழற்றாமல் வந்தான்.

"அத்தான், பெட்டியை மூடுறதுக்கு முன்னாடி உள்ள பார்க்க மாட்டீங்களா?"

"பார்த்தேனே."

"என்ன இருந்துச்சு?"

"செடி இருந்துச்சு."

"பல்லி?"

மாப்பிள்ளை நிதானமாக யோசித்தார். "அதுவும் என்னைப் பார்த்திருக்கும். அசையாம இருந்திருக்கும்."

வியாழக்கிழமை விமான நிலையத்தின் சரக்குப் பகுதிக்குப் பத்திரமும் சின்னவரும் போனார்கள். வெளியிலிருந்து வரும் விலங்குகளைப் பரிசோதிக்கும் அலுவலகம் அதன் கோடியில் இருந்தது. உள்ளே ஒரு மேசை, ஒரு எடை மெஷின், ஒரு கால்நடை மருத்துவர். டாக்டரம்மா அந்தப் பதவிக்கு வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. அதற்குள் பதினோரு நாய்களையும் ஒரு கிளியையும் பார்த்திருந்தார். விதிப் புத்தகத்தில் ஊர்வன பற்றிய அத்தியாயத்தை அதுவரை யாரும் திறக்காததால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அளவுகோலை நுழைத்து மெதுவாகப் பிரித்தார்.

"இது இங்கேருந்து போனதுதாங்க டாக்டர்," என்றான் சின்னவர். "எங்க சுவத்துல இருந்தது."

"போனதுக்குப் பேப்பர் இருக்கா?"

"எங்களுக்கே தெரியாமப் போச்சுங்க."

"அப்போ என்னைப் பொறுத்தவரைக்கும் இது இப்பத்தான் முதல் தடவையா வருது. இறக்குமதி."

"பல்லியை யாராவது இறக்குமதி பண்ணுவாங்களா?"

"நீங்க பண்ணியிருக்கீங்களே," என்றார் டாக்டரம்மா. கேலியாகச் சொல்லவில்லை. படிவத்தில் இறக்குமதியாளர் என்ற இடத்தில் அவர்கள் நிறுவனத்தின் பெயர்தான் இருந்தது.

சின்னவர் அக்காவைப் பார்த்தான். பத்திரம், "அவங்க சொல்றது சரிதான்டா," என்றாள். இத்தனை வருடங்களில் தன்னைப் போலவே ஒருத்தியை அவள் அன்றுதான் சந்தித்திருந்தாள்.

நிபந்தனைகள் ஏழு. முப்பது நாள் மூடிய அறையில் தனியாக வைக்க வேண்டும். அந்த அறையில் அதே இனத்தைச் சேர்ந்த வேறொன்று இருக்கக் கூடாது. பொறுப்பாளர் ஒருவர் வேண்டும், அவர் அந்த முப்பது நாளும் செடி, காய், கிழங்கு எதையும் தொடக் கூடாது. தினமும் பதிவேடு எழுத வேண்டும். உள்ளே வருகிறவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். விலங்கு தங்குமிடமாகத் தேர்ந்துகொண்ட பொருளை நகர்த்தக் கூடாது. கடைசி நாள் டாக்டரம்மா நேரில் வந்து எண்ணுவார், எண்ணிக்கையில் மாற்றம் இருந்தால் நாள் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

சிப்பம் கட்டும் கூடத்தின் சுவரில் குறைந்தது அறுபது பல்லிகள் இருந்தன. குளிர் அறையில் ஒன்றும் இல்லை, ஆனால் பன்னிரண்டு டிகிரியில் பல்லி விறைத்துப்போகும். கடைசியில் மிஞ்சியது ஒரே அறை. ஜன்னலுக்கு வலை அடித்த, கதவு இறுகச் சாத்துகிற, குளிர்சாதனம் வைத்த பெரியவரின் அலுவலக அறை.

"அப்போ நான் எங்க உக்காருறது?" என்றார் பெரியவர்.

அதற்குப் பதில் கிடைப்பதற்குள் பத்திரம் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். பொறுப்பாளர் யார்? ஒரு மாதம் வேலையிலிருந்து யாரை எடுத்தால் நிறுவனம் நிற்காது? அப்பாவும் மகனும் ஒரே நேரத்தில் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். ஒரு கணம் தாமதித்துப் பத்திரமும் பார்த்தாள்.

மாப்பிள்ளை, "சரி," என்றார்.

பொறுப்பாளரின் முழுப் பெயர் என்ற இடத்தில் பத்திரம் எழுதினாள். பெரியவர் எட்டிப் பார்த்து எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"நல்ல பேரா இருக்கே," என்றார்.

பெட்டியைத் திறந்ததும் பல்லி தலையைத் தூக்கி அறையை ஒருமுறை பார்த்தது. பிறகு மேசைக் காலில் இறங்கி, தரையைக் கடந்து, சுழல் நாற்காலியின் அடியில் போய் ஒட்டிக்கொண்டது. நாற்காலியை எடுத்துப் போக வந்த பெரியவர் வாசலில் நின்றார்.

"மாமா, அது அங்க தங்கிடுச்சு," என்றார் மாப்பிள்ளை. "ஆறாவது நிபந்தனைப்படி நகர்த்தக் கூடாது."

"அது கீழ இருக்கட்டும், நான் மேல உக்காந்துட்டுப் போறேன்."

"நீங்க காய்கறி தொடுறவர் மாமா."

பதினாறு வருடங்களில் மாப்பிள்ளை அவரிடம் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் சொல்லவும் இல்லை, நிபந்தனைதான் சொன்னது. பெரியவர் தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போய், கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் கூடை ஒன்றின் மேல் உட்கார்ந்து வியாபாரம் பேசத் தொடங்கினார்.

அறைக்குள் ஒரு நாற்காலிதான் இருந்தது. மாப்பிள்ளை அதில் உட்கார்ந்தார்.

மூன்றாம் நாள் உணவுப் பிரச்சினை வந்தது. இறுகச் சாத்திய அறைக்குள் கொசுகூட வரவில்லை. பல்லிக்குப் பூச்சி வேண்டும். தங்கள் காய்கறியில் பூச்சி இல்லை என்று நாற்பது வருடங்களாக முத்திரை வாங்கிய நிறுவனம் அது. சின்னவர் கையில் ஜாம் பாட்டிலோடு கூடத்தில் பூச்சி தேடி அலைந்தான். கத்திரிக்காய்க் குவியலைப் புரட்டினான். ஒரு சொத்தைகூட இல்லை. காய்கறி கொண்டுவந்த விவசாயியைத் தனியாக அழைத்துப்போய், "அடுத்த லோடுல கொஞ்சம் பூச்சி விழுந்ததா பார்த்துக் கொண்டாங்க," என்று தாழ்ந்த குரலில் கேட்டான். அந்த ஆள் பதினைந்து வருடப் பழக்கம். தான் என்ன தவறு செய்தோம் என்று கண் கலங்கிவிட்டார்.

பூச்சி கிடைத்தது. மாப்பிள்ளை பதிவேட்டில் எழுதினார். 'காலை 9.10. வெள்ளை அந்துப்பூச்சி ஒன்று. பாய்ந்தது, தவறியது. 9.25. மறுபடி பாய்ந்தது, பிடித்தது. பிறகு கண்ணை நாக்கால் நக்கிக்கொண்டது.' கடிகாரத்துக்குள் மயிரிழைக் கம்பியைப் பார்த்துப் பழகிய கண் அது. நான்கு மணி நேரம் அசையாமல் ஒன்றையே பார்ப்பது அவருக்குக் கஷ்டமாக இல்லை.

வெளியே கஷ்டமாக இருந்தது. நாடா உருளைகள் எங்கே, எடை மெஷின் காலையில் இரண்டு தட்டுத் தட்டினால்தான் சரியாகக் காட்டும் என்பது, எந்த மூட்டை மிளகு போன மாதத்தது, அந்தூரியம் பூவின் காம்புக்குத் தண்ணீர் நிரப்பிய சிறு குழாயை எப்படி மாட்டினால் ஒழுகாது என்று யாருக்கும் தெரியவில்லை. அவரை யாரும் எந்த வேலையையும் முழுதாகச் செய்யவிடாததால் எல்லா வேலையையும் அவர் வேடிக்கை பார்த்திருந்தார். இப்போது ஒவ்வொருவராக வலை ஜன்னலுக்கு வந்தார்கள். சில காலைகளில் மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். மாப்பிள்ளை உள்ளேயிருந்து கையைக் காட்டி, "ஒரு நிமிஷம், அது பாயப் போகுது," என்பார். அவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பார்கள்.

சின்னவருக்கு இது பொறுக்கவில்லை. "அக்கா, உன் புருஷன் கவுன்டர் நடத்துறாரு. இன்னும் டோக்கன் ஒண்ணுதான் குடுக்கலை."

முப்பதாம் நாள் டாக்டரம்மா வந்தார். பதிவேட்டை முழுவதும் படித்தார். இரண்டு இடங்களில் அவர் புருவம் உயர்ந்தது, பாராட்டாகத்தான் தெரிந்தது. பிறகு டார்ச் விளக்கோடு அறையைச் சுற்றி வந்தார். நாற்காலிக்கு அடியில் ஒன்று. சுவர்க் கடிகாரத்துக்குப் பின்னால் இன்னொன்று.

"ரெண்டு இருக்கு," என்றார்.

பெரியவர் வலை ஜன்னலில் முகத்தைப் பதித்தார். "எப்படி ரெண்டாகும்?"

"அதை நீங்கதான் சொல்லணும். ரெண்டாவது கொஞ்சம் மஞ்சளா இருக்கு. வேற வகையோ என்னவோ." குறித்துக்கொண்டார். "மறுபடி முப்பது நாள். ரெண்டுக்கும் சேர்த்து."

பெரியவர் தன் கூடைக்குத் திரும்பிப் போனார். இரண்டாவது பல்லி உள்ளே வந்த வழி என்ற கட்டத்தை மறுநாளுக்குள் நிரப்பித் தர வேண்டும் என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா கிளம்பினார். பத்திரம் மட்டும் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். பல்லி மஞ்சளாக இருக்கிறது என்ற சொல் அவள் காதில் ஈ மாதிரி சுற்றியது. வாடிக்கையாளர்களுக்கு மாதிரி அனுப்பும் மஞ்சள்தூள் டப்பாக்கள் இருந்த அலமாரியைப் போய்த் திறந்தாள். பன்னிரண்டு இருக்க வேண்டும். பதினொன்று இருந்தது. பன்னிரண்டாவது அலுவலக வாசலில் குப்பைக் கூடையின் அடியில் கிடைத்தது. மூடியில் ஆணியால் ஐந்து ஓட்டைகள்.

கதவைத் தட்டினாள். மாப்பிள்ளை திறந்தார். பழக்கத்தில் வருகைப் பதிவேட்டை நீட்டினார். அவளும் பழக்கத்தில் வாங்கி நேரத்தை எழுதினாள். நோக்கம் என்ற இடத்தில் 'கணவரிடம் ஒன்று கேட்க' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு டப்பாவை மேசை மேல் வைத்தாள்.

"இதுல ஓட்டை போட்டது யாரு?"

"நான்தான்."

"எதுக்கு?"

"மூச்சு விடணும்ல."

அவர் டப்பாவை எடுத்து மூடியைத் திருகித் திறந்தார், மறுபடி மூடினார்.

"முப்பது நாள் முடியப் போகுதேன்னு இருந்துச்சு," என்றார். "வெளிய வந்தா நான் என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியல. இங்க எல்லாரும் ஜன்னல்ல வந்து என்னைக் கேக்கறாங்க. உங்கப்பா பதினாறு வருஷத்துல என்னை ஒரு விஷயம் கேட்டதில்ல. போன வாரம் மட்டும் மூணு கேட்டாரு."

"என்ன கேட்டாரு?"

"ரெண்டு கேள்வி பல்லியைப் பத்தி. ஒண்ணு, அவர் குடை எங்கேன்னு."

பத்திரம் உட்கார இடம் தேடினாள். நாற்காலியில் அவர் இருந்தார். அவர் எழுந்து இடம் கொடுத்தார், அவள் உட்காரவில்லை.

"எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்," என்றாள் கடைசியில். அவள் எதைச் சொன்னாள் என்று அவர் கேட்கவில்லை.

அன்று மாலை டாக்டரம்மாவின் படிவத்தில் இரண்டாவது பல்லி உள்ளே வந்த வழி என்ற கட்டத்தில் பத்திரம் 'தெரியவில்லை' என்று எழுதினாள். ஒரே ஒரு சொல். அதன் பிறகு ஒரு வாரம் அவளால் எதையும் நேராக எழுத முடியவில்லை. பாகற்காய்க்குப் பதில் பல்லிக்காய் என்று ஒரு பட்டியலில் எழுதி, அதற்கு முத்திரையும் வாங்கிவிட்டாள். வெளிநாட்டு வாடிக்கையாளர், புதுக் காய் நன்றாக இருக்கிறது, இன்னும் ஐம்பது கிலோ அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்.

அறுபதாம் நாள். வாசலில் லாரி நின்றது. நூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள், பாகற்காய், பச்சை மிளகாய், அந்தூரியம், இரண்டு மூட்டை பட்டை. மூன்று மணிக்குள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். பதினோரு மணிக்கு டாக்டரம்மா வந்து எண்ணினார். மறுபடி எண்ணினார். மேசை இழுப்பறை, திரைச்சீலை மடிப்பு, குளிர்சாதனப் பெட்டியின் முதுகு எல்லாவற்றையும் பார்த்தார்.

"ஒண்ணுதான் இருக்கு."

"நல்லதாப் போச்சு," என்றார் பெரியவர். "முதல்ல ஒண்ணுதானே வந்துச்சு."

"நல்லது இல்லைங்க. ரெண்டும் என் கணக்குல இருக்கு. ஒண்ணு தப்பிச்சிருக்கு. வெளிநாட்டுலேருந்து வந்த உயிர் பரிசோதனை முடியாம தப்பிச்சா, கட்டடம் முழுக்க அடைக்கணும். முப்பது நாள் இங்கேருந்து ஒரு இலைகூட வெளிய போகக் கூடாது."

லாரி ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார். அந்தச் சத்தம் நின்ற பிறகுதான் அது ஓடிக்கொண்டிருந்தது என்றே எல்லோருக்கும் தெரிந்தது. அடுத்த ஒரு மணி நேரம் குடும்பம் முழுவதும் தவழ்ந்தது. எழுபத்தொரு வயதுப் பெரியவர் மேசைக்கு அடியில் பாதி உடலை நுழைத்தார். சின்னவர் விளக்கு மூடியைக் கழற்றினான். பல்லியின் வால்கூட அகப்படவில்லை.

மேசைக்கு அடியிலிருந்து மாமனாரின் கால்கள் நீட்டிக்கொண்டிருப்பதை மாப்பிள்ளை பார்த்தார். ஒரு செருப்பு கழன்றிருந்தது. அதை எடுத்துக் காலில் மாட்டிவிட்டார். பிறகு டாக்டரம்மாவிடம் போய் நின்றார்.

"காணாமப் போனது வெளிநாட்டுப் பல்லி இல்லைங்க. கூடத்துச் சுவத்துல இருந்தது. நான்தான் டப்பாவுல பிடிச்சு உள்ள விட்டேன்."

"எப்போ?"

"இருபத்தொன்பதாம் நாள் மத்தியானம். ரெண்டு நாற்பதுக்கு."

சின்னவர் விளக்கு மூடியைக் கையில் பிடித்தபடி ஸ்டூலிலிருந்து இறங்கினான். "அத்தான், நான் முப்பது நாளா ரெண்டு பல்லிக்குப் பூச்சி பொறுக்கினேன்."

"தெரியும். ரெண்டுமே நல்லாச் சாப்பிட்டுச்சு."

பெரியவர் மேசைக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. அங்கிருந்தே, "எதுக்கு மாப்பிள்ளை?" என்றார்.

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். அதற்குள் பத்திரம் முன்னால் வந்தாள். "எனக்கும் தெரியும் டாக்டர். தெரிஞ்சேதான் தெரியவில்லைன்னு எழுதினேன். அதை அடிச்சுட்டு, பக்கத்துல கையெழுத்துப் போட்டுத் தரேன்."

இதைக் கேட்டதும் பெரியவர் வெளியே வந்தார். மருமகன் பல்லியை உள்ளே விட்டதைவிட, மகள் படிவத்தில் பொய் எழுதியதுதான் அவரைத் தரையில் உட்கார வைத்தது.

டாக்டரம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சரி. மிச்சம் இருக்கறது அந்த வெளிநாட்டுப் பல்லின்னு எப்படி நம்புறது? ஓடிப்போனதே அதுவா இருந்தா?"

"இது அதுதாங்க," என்றார் மாப்பிள்ளை. "நடக்கும்போது இடது பின்னங்காலை ஒரு நூல் தள்ளி வைக்கும். அந்தக் கால்ல நாலு விரல்தான், உங்க பேப்பர்லயே இருக்கு."

பல்லி அப்போது 'சிறந்த ஏற்றுமதியாளர்' என்று சட்டம் போட்டு மாட்டியிருந்த சான்றிதழின் கண்ணாடி மேல் இருந்தது. டாக்டரம்மா நாற்காலியில் ஏறி நின்றார், நாற்காலி சுழலாமல் பிடிக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். மாப்பிள்ளை தன் பழைய கடிகாரக் கடைக் கண்ணாடியை, கண்ணில் இடுக்கிக்கொள்ளும் அந்தக் கறுப்புக் குழலை, சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு," என்றார் டாக்டரம்மா. இன்னொரு முறை எண்ணினார். "நாலுதான்."

இறங்கி வந்து படிவத்தை விரித்தார். இரண்டாவது பல்லி உள்ளே வந்த வழி என்ற கட்டத்துக்குக் கீழே, எழுதக்கூடிய பதில்களாகக் கதவு வழியாக, ஜன்னல் வழியாக, பிறப்பு, தெரியவில்லை என்று நான்குதான் அச்சிடப்பட்டிருந்தன. பேனாவைத் தட்டியபடி யோசித்தார். பிறகு பக்கத்தில் தன் கைப்பட, 'பொறுப்பாளரின் அழைப்பின் பேரில்' என்று எழுதினார். இனி இப்படிச் செய்தால் எழுத்தில் எச்சரிக்கை வரும் என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு, அந்தப் பதிவேட்டை மட்டும் தான் எடுத்துப் போகலாமா என்று கேட்டார். பத்து மாதத்தில் அவர் படித்த உருப்படியான எழுத்து அது ஒன்றுதானாம்.

விடுவிக்கும்போது சாட்சி வேண்டும். எல்லோரும் போனார்கள். மாப்பிள்ளை அட்டைத் துண்டில் பல்லியை ஏந்திக் கூடத்துச் சுவரில் சாய்த்தார். அது இரண்டு அடி ஓடி நின்றது. இன்னும் இரண்டு அடி ஓடியது. அங்கே ஏற்கெனவே ஏழெட்டு இருந்தன. ஒரு கண் சிமிட்டலில் எது எது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அவரால் முடிந்திருக்கலாம். அவர் சொல்லவில்லை. லாரி நாற்பது நிமிடம் தாமதமாகக் கிளம்பியது.

திங்கட்கிழமை பெரியவர் தன் நாற்காலிக்குத் திரும்பினார். அறையின் கதவைச் சாத்திக்கொண்டார், திறந்தார், மறுபடி சாத்தினார். இரண்டு மாதம் கூடத்துச் சத்தத்தில் உட்கார்ந்து பழகியவருக்கு அந்த அமைதி காதை அடைத்தது. பதினோரு மணிக்கு மாப்பிள்ளையைக் கூப்பிட்டனுப்பினார்.

"உக்காருங்க. அறுபது நாளா அதுக்கிட்ட அப்படி என்ன பார்த்தீங்க?"

மாப்பிள்ளை யோசித்தார். "பூச்சி வர்ற வரைக்கும் அசையாது மாமா."

"வரலைன்னா?"

"அப்பவும் அசையாது."

"அது வியாபாரத்துக்கு ஆகாது," என்றார் பெரியவர். பிறகு, "அந்த எடை மெஷினை எந்தப் பக்கம் தட்டணும்?" என்று கேட்டார். இருவரும் எழுந்து கூடத்துக்குப் போனார்கள்.

மூன்றாம் வாரம் டாக்டரம்மா தொலைபேசியில் அழைத்தார். வேறொரு நிறுவனம் அனுப்பிய ஆர்க்கிட் செடிப் பெட்டியில் ஒரு தவளை போய், அதுவும் திரும்பி வருகிறது. அந்த நிறுவனத்தில் மூன்று மாடி, எட்டு லாரி, கண்ணாடிக் கதவு எல்லாம் உண்டு, பரிசோதனைக்கு ஒத்துக்கொள்ளப்பட்ட அறை மட்டும் இல்லை. விமான நிலையத்தைச் சுற்றி அப்படி இருப்பது ஒரே ஓர் அறை, பெரியவரின் அறை. அனுபவமுள்ள பொறுப்பாளர் என்றால் மாப்பிள்ளை ஒருவர்தான்.

பெரியவருக்கு அந்த நிறுவனத்தைத் தெரியும். அவருடைய வாடிக்கையாளர்கள் நால்வரை இழுத்துக்கொண்டது அதுதான். "அவங்க தவளை நம்ம வாசலுக்கு வருதா?" என்று இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டார். பிறகு தொலைபேசியை மருமகனிடம் நீட்டினார். "இது உங்க வேலை. நீங்களே பேசுங்க."

மாப்பிள்ளை வாங்கினார். "தவளைன்னா ஈரம் வேணும் டாக்டர். குளிர்சாதனத்தை நிறுத்திடுவோம். அதுக்கு விரல் எத்தனை?"

பெரியவர் இந்த முறை கூடைக்குப் பதில் மேசை, மின்விசிறி, தொலைபேசி எல்லாவற்றையும் முறையாகக் கூடத்துக்கு மாற்றினார். தவளை வந்து சேர்ந்ததும் பலகை எழுதுபவரை வரவழைத்தார். வாசல் பலகையில் 'செடிகள், நறுமணப் பொருட்கள், காய்கறிகள்' என்று இருந்ததற்குக் கீழே ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்த வரி என்ன என்பதில்தான் சண்டை வந்தது. சின்னவர் 'ஊர்வன' என்று போடச் சொன்னான். தவளை ஊர்வன அல்ல, நீர்நில வாழ்வன, விதிப் புத்தகத்தில் தனி அத்தியாயம் என்றாள் பத்திரம். 'திரும்பி வருவன' என்றால் எல்லாம் அடங்கும் என்றார் பெரியவர். அப்படிப் போட்டால் நம் காய்கறி திரும்பி வருகிறது என்று நினைப்பார்கள் என்று சின்னவர் சத்தம் போட்டான். ஏணி மேல் நின்றவர் தூரிகையில் சாயம் காய்கிறது என்று இரண்டு தடவை நினைவுபடுத்தினார்.

உள்ளேயிருந்து மாப்பிள்ளை வலை ஜன்னலைத் திறக்காமலே சொன்னார்: "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. அது சாப்பிடுது."